பனிக்கு அடியில் வலை

போன கிழமை வவுனியாத் தபால் கந்தோரில் வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற பெண் முத்திரையை நாக்கில் தடவி ஒட்டினாள். நனைத்த பஞ்சு பக்கத்திலேயே இருந்தது. என் முறை வந்தபோது நானும் பஞ்சைத் தொடவில்லை. பசையின் சுவை நாக்கில் பட்டதும் வந்த அலுவல் மறந்துபோயிற்று. பின்னால் நின்றவர் "அக்கா, கொஞ்சம் விலகுங்கோ" என்று சொல்லும்வரை நின்ற இடத்திலேயே நின்றேன்.

முல்லைத்தீவில் முதல் வேலை பார்த்த நாட்களில் அந்தச் சுவை என் நாக்கைவிட்டுப் போனதே இல்லை. கணினியில் விவரம் பதிகிற வேலை. கூட வேலை செய்த நிரோ ஒரு மத்தியானம் ஓர் இணையத்தளத்தைக் காட்டித் தந்தாள். பெயரைப் பதிந்தால் உலகத்தின் எங்கோ ஒரு மூலையில் இருக்கிற யாரோ ஒருவரின் விலாசம் வரும். அவருக்கு ஒரு படத் தபாலட்டை அனுப்ப வேண்டும். அது போய்ச் சேர்ந்ததும் நம்முடைய விலாசம் வேறொருவருக்குப் போகும், அவர் நமக்கு அனுப்புவார். யார், எந்த நாடு என்று முன்கூட்டித் தெரியாது. எனக்கு அந்தத் தெரியாமைதான் பிடித்திருந்தது.

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அவர் வாழ்நாள் முழுக்கக் கடலையும் அதை ஒட்டிக் கிடக்கிற களப்பையும் நம்பி இருந்தவர், மனிதரை அவ்வளவு சுலபமாக நம்பமாட்டார். "ஆரெண்டு தெரியாத ஆக்களுக்கு வீட்டு விலாசத்தைக் குடுக்கிறதோ?" என்று கேட்டுவிட்டு கிழிந்த வலையைப் பொத்தப் போய்விட்டார். அம்மா வேறு மாதிரி. பல வருடங்கள் எங்களுக்கு விலாசமே இருக்கவில்லை. போரில் இடம்பெயர்ந்து இருந்த முகாமில் கூடாரத்துக்கு இலக்கம் இருந்தது, ஆனால் அதை யாரும் விலாசமென்று சொன்னதில்லை. பிறேசிலில் இருந்து முதலாவது அட்டை வந்த அன்று அம்மா படத்தைப் பார்க்கவே இல்லை. மறுபக்கம் திருப்பி, எங்கள் பெயரையும் கோயில் ஒழுங்கையையும் ஊரையும் யாரோ கோணல் எழுத்தில் எழுதியிருந்ததை விரலால் தடவிப் பார்த்தார். பிழையில்லாமல் எழுதியிருக்கிறார்கள் என்று, பரீட்சைத் தாள் திருத்துகிறவர் மாதிரிச் சொன்னார்.

நான் அனுப்ப எங்கள் ஊர்ப் படம் போட்ட அட்டை எந்தக் கடையிலும் இல்லை. கொழும்பில் இருந்து வந்தவற்றில் அலங்கரித்த யானைகள்தான் நின்றன. அவற்றையே அனுப்பினேன். யானையில்தான் வேலைக்குப் போகிறாயா என்று ஒரு ஜேர்மன்காரி கேட்டிருந்தாள். என் சைக்கிளை அவள் பார்த்திருந்தால் யானையே மேல் என்று சொல்லியிருப்பாள். அதற்குப் பிறகு நானே படம் எடுத்து, ஸ்ரூடியோவில் தடித்த தாளில் அடிப்பித்தேன். களப்பு, கரையில் கவிழ்த்துக் கிடக்கும் வள்ளம், வெயிலில் காயும் மீன்.

தபால்காரர் இராசன் அண்ணையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. அட்டைக்கு உறையில்லைத்தானே. வழியில் அவர் வாசித்துவிடுவார். வாசித்தது மட்டுமென்றால் பரவாயில்லை, ஒழுங்கை முழுக்கச் சொல்லிக்கொண்டு வருவார். பின்லாந்தில் பனி கொட்டுகிறதென்று எனக்கு முன்னமே பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியும்.

அந்தப் பின்லாந்து அட்டைகளை எழுதியவர் ஹெலெனா. வடக்கே ஒரு கடற்கரை ஊரில் இருக்கிற, ஓய்வுபெற்ற ஒரு தாதி. முதல் அட்டையில் குளிரும் பூனையும் அவருடைய விலாசமும் இருந்தன, நான் பதில் போட்டேன். இரண்டாவது அப்படி இல்லை. உங்கள் ஊரின் பெயரை இணையத்தில் தேடினேன், போர்க்காலப் படங்களைப் பார்த்து அழுதேன், என்ன எழுதுவதென்று தெரியவில்லை என்று எழுதியிருந்தார். அன்று மட்டும் இராசன் அண்ணை ஒன்றும் சொல்லாமல் அட்டையைத் தந்துவிட்டுப் போனார்.

எனக்கும் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. அட்டை மேசையிலேயே கிடந்தது. ஒரு பின்னேரம் அப்பா அதைக் கண்டு, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். களப்பில் இருந்து அப்போதுதான் வந்திருந்தார், காற்சட்டை காயவில்லை.

"அவா பாத்தது பொய்யில்லைப் பிள்ளை," என்றார். "ஆனா இண்டைக்கு நல்ல றால் பட்டது. அதையும் எழுது."

எழுதினேன். எவ்வளவு பெரிய இறால், அம்மா அதை எப்படிக் காய்ச்சினார், யார் யார் வந்து சாப்பிட்டார்கள் என்று இடம் முடியும்வரை எழுதினேன். ஹெலெனாவின் பதில் வர நாளெடுத்தது. வந்தபோது அட்டை முழுக்கச் சந்தோசம். தன் கணவர் யூஹாவும் மீன் பிடிக்கிறவர்தான், உன் அப்பா என்ன வலை போடுகிறார் என்று கேட்கிறார், தான் மாரியில் கடல் உறைந்த பிறகு பனிக்கு அடியில் வலை விடுவாராம் என்று இருந்தது.

அப்பா நம்பவில்லை. கடல் உறையும் என்பதைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார். பனியில் துளை போடலாம், சரி. ஒரு துளையில் இருந்து அடுத்த துளைக்கு வலை எப்படிப் போகும்? அந்தக் கேள்வியைக் கரையில் மீனவர் கூடுகிற வாடிக்குக் கொண்டுபோனார். அங்கே தொழில் நின்றுவிட்டது என்றே சொல்லலாம். ஒருவர் சுழியோடி என்றார். அந்தக் குளிரில் சுழியோடினால் மேலே வருவது பிரேதம்தான் என்றார் இன்னொருவர். சூசை மாமா நாயைப் பழக்கியிருப்பார்கள் என்று சொல்லி, பிறகு பல நாட்களுக்குப் பகிடிக்கு ஆளானார். நீரோட்டம் கொண்டுபோகும் என்பது அப்பாவின் கட்சி. கேள்வியை அட்டையில் எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். இராசன் அண்ணையின் சைக்கிளைக் கண்டால், கடிதமே வராத ஆட்கள்கூட வேலிக்கு வந்து நின்றார்கள்.

பதிலை யூஹாவே நீலப் பேனையால் படமாகக் கீறி அனுப்பியிருந்தார். ஒரு மரப்பலகை. துளைக்குள் விட்டால் அது மிதந்து பனியின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். மேலே நின்று கயிற்றை இழுத்து இழுத்து விட்டால், பலகையில் உள்ள ஒரு கொக்கி தள்ளித் தள்ளி அதை அடுத்த துளைவரை நடத்திக்கொண்டு போகும். அந்தக் கயிற்றில் வலையைக் கட்டி இழுப்பார்கள். வாடியில் எல்லோரும் தோற்றுப்போய், எல்லோருக்கும் சந்தோசம். நாங்களும் ஒன்று செய்து பார்ப்போம் என்றார் சூசை மாமா.

"முதலிலை கடலை உறைய வை," என்றார் அப்பா.

அதற்குப் பிறகு அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். வாடைக்காற்று, நண்டு வலையைக் கடிக்கிற விதம், எல்லாம் சொல்லுவார். உள்ளங்கை அளவு இடத்தில் அதைச் சுருக்கி எழுத நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "எல்லாம் எழுதினியோ?" என்று கேட்பார். ஓம் என்பேன்.

கொரோனா வந்து விமானங்கள் நின்றன, அட்டைகளும் நின்றன. பிறகு தபால் திரும்ப ஓடத் தொடங்கியபோது நான் கலியாணம் முடித்து வவுனியாவுக்கு வந்துவிட்டேன். இராசன் அண்ணை ஓய்வெடுத்துவிட்டார். ஹெலெனாவின் பேத்தி என்னைக் கைபேசியில் தேடிக் கண்டுபிடித்தாள். போன நத்தார் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, இரண்டு கிழவர்களையும் திரையில் நேருக்கு நேர் இருத்தினோம். யூஹா கையை ஆட்டினார். அப்பாவும் ஆட்டினார். நான் மொழிபெயர்க்கக் காத்திருந்தேன். சுகமா என்று கேட்டார்கள், சுகம் என்றார்கள். அவர் யன்னலுக்கு வெளியே பனியைக் காட்டினார், அப்பா முற்றத்து முருங்கையைக் காட்டினார். பிறகு இருவரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

கைபேசியை என்னிடம் தந்துவிட்டு அப்பா எழும்பினார்.

"நல்ல மனிசன்," என்றார். "ஆனா அட்டையிலை எண்டா நல்லாக் கதைப்பான்."