வெட்டாமல் விட்ட இரண்டு தட்டு

ஸ்டுடியோவில் அவளைக் 'கத்திரி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒலித்தொகுப்பு அவள் வேலை. இருமல், பெருமூச்சு, நாற்காலியின் முனகல், எது காதில் பட்டாலும் ஈவிரக்கமில்லாமல் வெட்டித் தள்ளிவிடுவாள். பத்து வருடத்தில் ஒரு தும்மல்கூட அவளைத் தாண்டி வெளியே போனதில்லை என்று இயக்குநர் பெருமையடித்துக்கொள்வார்.

அந்த ஆவணப்படம் நாட்டின் தலைவரைப் பற்றியது. ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி என்று காகிதத்தில் எழுதிய நிலத்தில் அவர் தனக்கு மாளிகை கட்டிக்கொண்டார் என்பது குற்றச்சாட்டு. பார்த்தவர்கள் பலர், வாய் திறந்தவர் ஒரே ஒருவர். தலைவருக்குப் பதினோரு வருடமாகக் கார் ஓட்டுபவர், அவளுடைய அண்ணன். அப்பா இல்லாத வீட்டில் அவளைப் படிக்கவைத்து ஆளாக்கியவர்.

"அண்ணிக்குக்கூடத் தெரியாது. உன் கைவழியாப் போகுதுங்கற தைரியத்துலதான் பேசுறேன்," என்றார்.

முகத்தை இருட்டாக்கினார்கள். குரலை அவள் மாற்றினாள், கிணற்றுக்குள்ளிருந்து எவனோ பேசுவதுபோல. தொழில்முறைப்படி அசல் பதிவையும் தன் கையாலேயே அழித்தாள். ஒன்றுதான் பாக்கி. அண்ணன் எதையும் சொல்லத் தொடங்கும்முன் இரண்டு விரலால் மேஜையை டொக் டொக் என்று தட்டுவார். வண்டியைக் கிளப்பும்முன் ஸ்டீயரிங்கில் தட்டித் தட்டி வந்த பழக்கம். அதையும் எல்லா இடத்திலும் வெட்டிவிட்டுப் போட்டுக் கேட்டாள். எவனோ பேசினான், அண்ணன் அதில் இல்லவே இல்லை. மனசு கேட்கவில்லை. யாருக்குத் தெரியப்போகிறது என்று ஓரிடத்தில் மட்டும் திரும்பச் சேர்த்தாள். புத்தி எங்கே போயிற்றோ அவளுக்கு!

ஞாயிற்றுக்கிழமை காலை படம் வெளியானது. ஊரே பார்த்தது. தலைவரும் பார்த்தார். திங்கட்கிழமை வேலைக்குப் போன அண்ணன் வீடு திரும்பவில்லை. மறுநாள் ஸ்டுடியோவைச் சோதனை போட ஆட்கள் வந்தார்கள். கிளம்பும்போது அவர்களில் மூத்தவர் அவள் மேஜையில் டொக் டொக் என்று தட்டினார்.

"முகத்தை மறைச்சீங்க, குரலை மாத்துனீங்க. இதைப் போய் விட்டுட்டீங்களேம்மா? பதினோரு வருஷமா பின்சீட்டுல உக்காந்து கேட்டவருக்குத் தெரியாதா?"

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணியிடம் சொல்ல எத்தனையோ தடவை போனாள், வேறு எதையோ பேசிவிட்டுத் திரும்பினாள்.

நான்கு மாதம் ஓடிவிட்டது. அண்ணி ஏறி இறங்காத போலீஸ் ஸ்டேஷன் இல்லை. "அப்படி யாரும் இங்க இல்ல," என்று எல்லா இடத்திலும் ஒரே பாட்டு. தலைவர் நாற்காலியில் அப்படியேதான் இருக்கிறார். டிரைவர்தான் புது ஆள்.

நேற்று மத்தியானம் அண்ணி ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டார்.

"அப்பா குரலே மறந்துபோச்சுன்னு சின்னவன் அழுவுறான். அந்தப் படத்துல பேசுனது அவர்தான்னு இப்ப ஊரே சொல்லுது. அவர் பேசுனது உங்கிட்ட இருக்குமே, கொஞ்சம் போடேன்."

அசல் ஏது? படத்தில் வந்ததைத்தான் போட்டாள். கிணற்றுக் குரலைக் கேட்டு அண்ணி முகம் சுருங்கினார். "யாரோ மாதிரில்ல இருக்கு?"

அப்போது அந்த இடம் வந்தது. டொக் டொக்.

அண்ணி ஸ்பீக்கர்மேல் கையை வைத்துக்கொண்டு உடைந்து அழுதார். "அவரேதான்! நல்லவேளைம்மா, இதையாவது வெட்டாம விட்டியே," என்று அவள் விரல்களை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இன்னொரு வாட்டி போடு."

போட்டாள்.