மடைவாய்க் காலணா

மற்றவர்கள் பழைய செப்புக்காசில் ராஜாவைப் பார்த்தார்கள். நான் ராஜாவின் கன்னத்தில் தானாகப் பூத்த நிறத்தைப் பார்த்தேன். கத்தரிக்காய் ஊதா, செங்கல் சிவப்பு, விளிம்பில் மட்டும் ஓடும் நீலக் கோடு. எல்லாம் காற்றும் ஈரமும் யாருடைய பெட்டிக்குள்ளோ அவசரமில்லாமல் பார்த்த வேலை. என் காசுகளை வீட்டில் யாரும் தொடக் கூடாது, துடைக்கக் கூடாது. "வெளக்காத சாமானுக்கு இவ்ளோ மரியாதையா!" என்பாள் மனைவி.

2005 கோடையில், மரக்காணம் உப்பளத்தில், எனக்குத் தெரிந்த குத்தகைக்காரர் ஒருவர் பாத்திக்குத் தண்ணீர் பாயும் மடைவாயைச் சரிசெய்துகொண்டிருந்தார். மண்வெட்டியோடு ஒரு மஞ்சள் துணி வந்தது. உள்ளே ஒரு காலணா. பருவத்தின் முதல் தண்ணீரை விடுகிற நாளில் செப்புக்காசை முடிந்து மடைவாயில் புதைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். இது அவருடைய அப்பா புதைத்தது; அதற்குப் பிறகு மாற்றவேயில்லை. உப்புத்தண்ணீர் அதை மயில் கழுத்தாக்கி வைத்திருந்தது.

"இத எனக்குக் குடுத்துடுங்களேன்."

"இப்ப எடுக்கக் கூடாது சார். அடுத்த மொதத் தண்ணி அன்னைக்கி வாங்க. வெளைச்சலும் சுமாராத்தான் இருக்குது, மாத்தித்தான் பாப்போமே. ஆனா பதிலுக்குச் செம்புதான் வேணும். எட்டணாவக் கொண்டாந்து ஏமாத்தாதீங்க."

காசு மறுபடி சேற்றுக்குள் போனது. நான் காத்திருந்தேன். அந்த வருஷத்து மழையில் வரப்பு எது பாத்தி எது என்று தெரியாமல் உப்பளமே ஏரியானது. ஊர் முழுக்க வீட்டையும் வயலையும் நினைத்துக் கலங்கியது. நான் ஒரு காலணாவை நினைத்துக் கலங்கினேன்.

பொங்கல் கழிந்து குத்தகைக்காரர் ஆளிடம் சொல்லி அனுப்பினார். பெருமுக்கல் மலை பஸ் ஜன்னலைத் தாண்டியபோது சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். காலணாவை வைக்கப் பஞ்சு ஒரு பொட்டலம். பதிலுக்குக் கொடுக்க, என்னிடம் இருந்தவற்றிலேயே அழகு குறைந்த, அதே ராஜாவின் காலணா. சாமிக்குக் கொடுப்பதிலும் சிக்கனம்.

மடைவாயில் கற்பூரம் காட்டியானது. அவர் சேற்றில் கைவிட்டுத் துணியை எடுத்தார். மயில் கழுத்து அப்படியே இருந்தது! அதைத் தன் மனைவியிடம் கொடுத்தார். அந்த அம்மாள் தண்ணீர்க் குடத்தருகே போய் உட்கார்ந்தார். சேற்றைக் கழுவுகிறார், கழுவட்டும், என்று நான் பஞ்சைப் பிரித்தேன். நிமிர்ந்தபோது அவர் கையில் புளி இருந்தது. உப்புக்கு அங்கே பஞ்சமில்லை. காலடியில் மண்மேல் பூத்திருந்ததிலேயே ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டார்.

"அக்கா! வேணாம், வேணாம்!"

"இருங்க சார். சாமி காசு. பாசி புடிச்சதத் தூக்கி அப்படியே குடுத்தா எங்களுக்கில்ல அசிங்கம்?"

கட்டைவிரல் நான்கு முறை சுழன்றது. அத்தனை வருஷமும் புளித்தண்ணீராக வழிந்தது. "பாருங்க, இப்பத்தான் ராஜா மூஞ்சியே தெரியுது" என்று நீட்டினார். காசு, அப்போது பிறந்த குழந்தைபோல, வெட்கமில்லாத ரோஸ் நிறத்தில் மின்னியது.

"உங்க காசக் குடுங்க." வாங்கித் திருப்பிப் பார்த்தார். "ஏங்க, இதப் பாருங்களேன். சார் வீட்டுல புளியே வாங்கறதில்ல போலருக்குது."

"ஏம்மா, அவரு ரசம் வெக்காதவரா இருப்பாரு" என்றார் குத்தகைக்காரர்.

அதையும் தேய்த்தார். இரண்டு காசுகளும் என் உள்ளங்கையில் ஒன்றுபோல் பளபளத்தன. எது என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை. பஞ்சு காற்றில் போய்விட்டிருந்தது.

"ரெண்டையுமே உள்ள வெச்சுடுங்க" என்றேன்.

"அவ்ளோ பக்தியா சார் உங்களுக்கு!" அந்த அம்மாள் கும்பிடவே கும்பிட்டுவிட்டார்.

இரண்டையும் ஒரே மஞ்சள் துணியில் முடிந்து, சேற்றில் அழுத்தி, மடையைத் திறந்தார்கள். தண்ணீர் மேலே ஏறியது. நிறம் இனி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"மறுபடி எப்ப எடுப்பீங்க?" குரல் கொஞ்சம் கெஞ்சியிருக்கும்.

"உப்பு நல்லா வெளஞ்சா எதுக்கு சார் எடுக்கப் போறோம்?" என்றார் குத்தகைக்காரர்.

என் முகம் போன போக்கை அந்த அம்மாள் பார்த்துவிட்டார். "கவலப்படாதீங்க சார். எப்ப எடுத்தாலும் உங்களுக்கு நான் நல்லா வெளக்கி எடுத்து வெக்கறேன்."