ஓல்சன் வீட்டில் பதினான்கு பேர்

லியோனா குபிசெக் எங்கள் மாவட்டமான டன்மோர் கவுண்டியில் இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினாள். பிள்ளைகள் குறைந்து பள்ளியை மூடியபோது அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. இளசுகள் ஒமாஹா நகரத்துக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்த ஒரே வேலை மாட்டிறைச்சி ஆலையில்தான். அதற்கு அவள் தோள்பட்டை இடம் கொடுக்கவில்லை. அதனால் 2010இல் மக்கள்தொகைக் கணக்கெடுக்கச் சேர்ந்தாள். வீடுகளில் கேட்டதை வெளியே சொல்லமாட்டேன் என்று கையை உயர்த்திச் சத்தியமும் செய்தாள்.

மே மாதத்தில் ஒரு பிற்பகல் ஓல்சன் வீட்டுக்குப் போனாள். கிழவர் ஓல்சன் இறந்து ஆறு வருஷமாகிறது. 'ஆளில்லை' என்று எழுதிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஆனால் புகைபோக்கியில் புகை வந்தது. நான்கு மைல் சுற்றளவில் வேறு வீடு கிடையாது, கைப்பேசிக்கு சிக்னலும் இல்லை.

கதவைத் தட்டினாள். உள்ளே பேச்சு சட்டென்று நின்றது. ஒரு குழந்தை இருமியது. யாரோ வாயைப் பொத்தியதுபோல இருமல் அமுங்கியது. லியோனா காருக்கு ஓடிவிடலாம் என்று திரும்பினாள். எதிரே ஒருவன் நின்றான். கையில் மாட்டுத்தோல் உரிக்கும் கத்தி.

"ஒண்ணும் பண்ணிராதப்பா. தலையை எண்ணத்தான் வந்தேன்" என்றாள். சொன்ன பிறகுதான் அது எப்படிக் காதில் விழும் என்று உறைத்தது.

கதவு ஒரு சாண் திறந்தது. குள்ளமான ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "நீ போலீஸ்?"

"இல்லம்மா. பஸ் ஓட்டுனவ."

கத்தி தாழ்ந்தது. தன்னைவிட அவன்தான் அதிகம் பயந்திருக்கிறான் என்று லியோனாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

அந்தப் பெண் மார்செலினா, குவாத்தமாலாக்காரி. எல்லோருக்கும் ஆலையில்தான் வேலை, ஆனால் யாரிடமும் குடியேற்றக் காகிதம் கிடையாது. "பேரு எழுதுவே. அப்புறம் ஆளு வரும், புடிக்கும்" என்றாள்.

"பேரே வேணாம். எத்தனை பேருன்னு மட்டும் சொல்லு, போயிடுறேன்."

மார்செலினா கதவை இன்னும் கொஞ்சம் திறந்தாள். "பதினாலு. அஞ்சு குழந்தை."

திரும்பும் வழியில் பெட்ரோல் பங்க்கில் தம்பி கர்ட் நின்றான். அவன் கவுண்டி போலீஸ் தலைவரான ஷெரீப்பின் உதவியாளன்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி இருக்கே? ஓல்சன் வீட்டு வாசல்ல உன் கார் நின்னுச்சாமே. யாரு இருக்கா அங்க?"

"கேக்காதடா. சொன்னா எனக்குத்தான் ஜெயிலு."

"அப்போ ஆளு இருக்குன்னு ஆச்சு."

அவன் வண்டியைக் கிளப்பினான். ஐயோ, வாயைத் திறக்காமலே காட்டிக்கொடுத்துவிட்டோமே! லியோனா சரளைச் சாலையில் அவன் பின்னாலேயே ஓட்டினாள். ஸ்டியரிங் வியர்வையில் வழுக்கியது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பனியில் ஓட்டியபோதுகூட அவள் அப்படிப் பயந்ததில்லை.

ஓல்சன் வீடு திறந்து கிடந்தது. அடுப்பில் பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது. ஒருவரும் இல்லை.

"நீ கெளம்புனதுமே ஓடியிருக்காங்க" என்று சொல்லி கர்ட் அடுப்பை அணைத்தான். லியோனா வாசற்படியில் உட்கார்ந்தாள்.

அவன் எவ்வளவோ கேட்டும் எண்ணிக்கையைச் சொல்லவில்லை. படிவத்தில் 'பதினான்கு' என்றே எழுதி அனுப்பினாள். மீதி அறுபத்தொரு வீடுகளையும் முடித்தாள். ஒவ்வொரு கதவையும் தட்டும்போது, உள்ளே யார் தன்னைக் கண்டு நடுங்குகிறார்களோ என்று நினைத்தாள்.

இலையுதிர் காலத்தில் ஆலையில் வேலை செய்யும் ஒருத்தி அவளிடம் வந்து, அந்தப் பதினான்கு பேரும் பக்கத்து மாநிலமான கான்சாஸில் நல்லபடி இருப்பதாகச் சொன்னாள். எந்த ஊர் என்று லியோனா கேட்கவில்லை. தெரிந்தால் மறுபடியும் காட்டிக்கொடுத்துவிடுவோமோ என்று பயமாக இருந்தது.