அவர்கள் சேர்ந்து போன ஊர்

எண்பதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புலம்பெயர்ந்த நாட்டில் லின்ஃபீல்ட் என்ற ஊரில் வாடகை அறை பார்க்கப் போனேன். வீட்டுக்காரர் உயரமான யாழ்ப்பாணத்து மனிதர். அரைக் காற்சட்டைக்கு மேலே கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். மனைவி பேசும்போதெல்லாம் அவர் தன் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

அறைக்குப் பதிலாக இரண்டு படங்களைக் காட்டினார். திருமண வெள்ளிவிழாவுக்கு இருவரும் இத்தாலிக்குப் போய், குன்றின்மேல் இருக்கும் பழைய ஊர் ஒன்றைப் பார்த்திருக்கிறார்கள். பெட்டிகளை வைக்க இடமில்லாததால், ஒருவர் பேருந்து நிறுத்தத்தில் காவலிருக்க, மற்றவர் ஏறிப் பார்ப்பது என்று மாறி மாறிப் போய்வந்திருக்கிறார்கள்.

"தம்பி, அந்த ஊரில கிணறே இல்லை. இவ இருந்தது எண்டு சாதிக்கிறா."

"சதுக்கத்துக்கு நடுவிலயே இருந்தது. இவர் எதைப் பாத்தாரோ!"

மனைவி எடுத்த படத்தில் கிணறும், அருகே உச்சி இடிந்த ஒரு கோபுரமும் இருந்தன. அவர் எடுத்த படத்தில் அதே கோபுரம் பள்ளத்தாக்குக்கு அப்பால், வேறொரு குன்றின்மேல் தெரிந்தது.

"அங்கிள், நீங்கள் ரெண்டு பேரும் வேற வேற ஊருக்குப் போயிருக்கிறியள்."

அவர் முகம் வெளிறியது. "அப்ப நாங்கள் சேர்ந்து போகேல்லை எண்டு சொல்லுறீரோ?"

மனைவி படங்களைச் சட்டென்று வாரி எடுத்தார். "அது ஒரே ஊர்தான். தம்பி, இந்த அறை உமக்குச் சரிவராது."

"ஓம், சரிவராது," என்றார் அவர்.

இருவரும் வாசல்வரை வந்து என்னை அனுப்பிவைத்தார்கள். கதவைச் சாத்தியதும் உள்ளே கிணற்றுச் சண்டை மறுபடி தொடங்கியது. பிறகு எப்சம் என்ற வேறோர் ஊரில் எனக்கு அறை கிடைத்தது. அவர் கேட்டதற்கு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் இன்னும் விளங்கவில்லை.