ஆரின் மாமாவின் இரண்டு அவுன்ஸ் டப்பா

சூரியனையே சுமக்கச் சொன்னாலும், எங்கள் ஆரின் மாமா அதில் நாலு அவுன்ஸைச் செதுக்கி எறிந்துவிட்டுத்தான் முதுகில் ஏற்றுவார்.

அமெரிக்காவில், ஓரிகனில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். மலை நடைக்கு வாங்கிய டைட்டானியக் கிண்ணத்தை, மூன்று அவுன்ஸ் கனம் என்று கடையிலேயே திருப்பிக் கொடுத்தார். இப்போது இரண்டு அவுன்ஸ் ஐஸ்கிரீம் டப்பாதான் அவருக்குச் சட்டி, தட்டு எல்லாம். அடுப்பும் கனமாம்; நூடுல்ஸைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துத் தின்பார். தொப்பையின் இருபது பவுண்டைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

இந்த முறை நாங்கள் இருவரும் மலைக்குக் கிளம்பியபோது அவருக்கு முழங்கால் வலி. உச்சிக் கணவாயைத் தாண்ட முடியாவிட்டால் இனி மலைக்கே போவதில்லை என்று அத்தையிடம் சொல்லியிருந்தார்.

முதல் நாள் வழக்கமான குறும்பாக அவர் பையில் ஒரு கல்லை ஒளித்தேன். மாலையில் அவர் நொண்டினார். மறுநாள் காலை, அவர் பல் தேய்க்கும்போது கல்லை எடுத்து எறிந்தேன். அப்படியே அவருடைய சாப்பாட்டு மூட்டையையும் என் பைக்கு மாற்றினேன்.

"பாத்தியாடா, பை பஞ்சா இருக்கு. எல்லாம் டப்பா மகிமை," என்று வழியெல்லாம் பீற்றினார்.

மதியம் கணவாயில் ஏறி உட்கார்ந்ததும் டப்பாவைத் திறந்தார். தன் பையைத் தொடவே இல்லை. நேராக என் பைக்குள் கையை விட்டு நூடுல்ஸை எடுத்தார்.

"திருடுறவன் இப்படியாடா மூச்சு வாங்கிக்கிட்டு வருவான்?" என்றார்.