சீட்டின் முதுகு

இடது கை ஸ்டீல் ஸ்கேலை அமுக்கிப் பிடித்திருந்தது. வலது கை கட்டர் பிளேடை ஒரே இழுப்பில் கீழே கொண்டுவந்தது. கண்ணாடிப் பலகையின் மேல் ஒரு சீட்டு தனியாக விழுந்தது. விரல்கள் அதைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்து நீலச் சட்டத்தின் மேல் ஸ்கேலை வைத்தன. மேலே மூன்று மில்லிமீட்டர். கீழே இரண்டு. ஏற்கெனவே வெட்டி ஒதுக்கிய இருபத்தேழு சீட்டுகளோடு அதையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்தக் கைகள் அடுத்த தாளை எடுத்தன.

பகலவனுக்கு வயது நாற்பத்தொன்று. புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் வீடு, காலடிப்பேட்டை பிளெக்ஸ் கடையில் டிசைனர் வேலை. பதினாறு வருஷமாக போட்டோஷாப்தான் சோறு போடுகிறது. யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. தப்புத்தப்பாகச் செய்து, திட்டு வாங்கி, தானாகக் கற்றுக்கொண்டான். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று அவன் செய்த பேனர் தொங்காத சந்து திருவொற்றியூரில் இல்லை. ஆனால் ஒன்றுகூட மூன்று நாளைத் தாண்டியதில்லை. நாலாம் நாள் ஏதாவது கூரைமேல் ஏறிவிடும், இல்லாவிட்டால் மீன் கூடைக்கு மூடியாகிவிடும். தான் செய்ததில் ஒன்றாவது ஜனங்கள் கையில் வருஷக்கணக்கில் புழங்க வேண்டும் என்பது அவனுக்கு வெகுநாள் ஆசை.

அதனால்தான் எண்ணூர் குப்பத்துப் பவுனம்மாள் கேட்டதும் யோசிக்காமல் தலையாட்டினான். பவுனம்மாள் மீன் விற்கிறவள், பெண்கள் சங்கத்துச் செயலாளர். சங்கம் நடத்தும் சாயங்கால வகுப்புக்கு ஒரு விளையாட்டு வேண்டும் என்றாள். எந்தக் காற்றில் படகை வெளியே விடலாம், எப்போது கரையில் நிற்க வேண்டும் என்று பிள்ளைகள் விளையாடிக்கொண்டே தெரிந்துகொள்ள வேண்டும்.

"ஞாயித்துக்கெழம ஆண்டு விழா. அதுக்குள்ள வந்தா உன்னுது. இல்லாங்காட்டி ரெண்டு கேரம் போர்டு வாங்கிப் போட்டுட்டுப் போய்கினே இருப்பேன்."

விதிகளை இருவரும் ஒரே மதியத்தில் போட்டுவிட்டார்கள். முறை வரும்போது கட்டின் மேலே இருக்கும் சீட்டை எடுக்கலாம், அல்லது கரையில் நிற்கிறேன் என்று சொல்லி விட்டுவிடலாம். எடுத்தது மீனானால் உனக்கு. காற்றானால் அதுவரை பிடித்ததெல்லாம் போச்சு. விதி அவ்வளவுதான். டிசைன்தான் உயிரை எடுத்தது.

முதலில் கொண்டுபோன சீட்டுகளில் ஒவ்வொரு மீனுக்கும் தங்க நிறத்தில் அவுட்லைன் போட்டு, பின்னால் ஒளிவட்டமும் வைத்திருந்தான். கை பழக்கத்தில் செய்துவிட்டது.

"இன்னா நைனா, இந்த மடவ மீனுக்கு இன்னிக்குக் கண்ணாலமா?" என்றாள் பவுனம்மாள்.

அடுத்த முறை தங்கமும் ஒளிவட்டமும் இல்லை. எழுத்துதான் கலங்கியிருந்தது. இருபதடி தள்ளி நின்று பார்க்கிற பேனருக்குப் போதுமான ரெசல்யூஷன் கையில் பிடிக்கிற சீட்டுக்குப் போதவில்லை. ஐம்பத்துநாலு சீட்டையும் முதலிலிருந்து செய்தான். யூடியூபில் ஒருவன் ஆங்கிலத்தில் மூச்சு விடாமல் பேசினான். அவனைப் பத்து விநாடிக்கு ஒரு தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில் பகலவனுக்கு அந்தக் குரலைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வந்தது.

புதன்கிழமை மூன்றாவது முறையாகப் போனான். பவுனம்மாள் வீட்டு வாசலில், பிளெக்ஸ் போட்ட பந்தலின் நிழலில் பாய் விரித்து விளையாடினார்கள். நான்கு ஆட்டம். நான்கிலும் அவளே ஜெயித்தாள்.

"ஒரு தபாகூட உங்க கைல காத்து வர்லியே. எப்டிக்கா?"

"அதான் தெரியுதே. இது காத்து. இதுவும் காத்து. இது மீனு." குப்புறக் கிடந்த சீட்டுகளை விரலால் தொட்டுச் சொன்னாள். திருப்பிப் பார்த்தான். அப்படியே இருந்தது. பின்பக்கத்து நீலச் சட்டம் காற்றுச் சீட்டுகளில் மட்டும் கீழே கொஞ்சம் ஒல்லி.

"ஒரு மில்லிமீட்டர்க்கா. யாரு கண்ணுக்குத் தெரியப் போவுது?"

"வஞ்சிரத்தப் பாத்தே எட சொல்றவ நானு. இங்க கீற புள்ளைங்களும் அப்டித்தான்."

"தெரிஞ்சாலும் தெரியாத மாரி வெளாடுங்களேன்."

"காத்து வர்து தெரிஞ்சிகினே எவனாவது போட்டத் தள்ளுவானா? நல்லாக் கீதுபா உன் நாயம்."

எரிச்சலோடு பகலவன் மேலே பார்த்தான். பந்தலில் கிடந்தது போன வருஷம் அவனே செய்த காதுகுத்து பேனர். படம் வெயிலைப் பார்த்து இருந்தது. அவன் பக்கம் இருந்தது வெறும் வெள்ளை. பதினாறு வருஷமாகச் செய்த வேலையில் ஒன்றுக்குக்கூட முதுகு இருந்ததில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

தப்பு வெட்டில் இருக்கும் என்று நினைத்து இரண்டு நாள் வெட்டினான். வெட்டினதெல்லாம் வீண். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ராயபுரத்தில் அச்சு மிஷின் ஓட்டும் அப்சலிடம் போய்க் கத்தினான்.

"மாமு, தாள ஒரு தபா வுட்டு, திருப்பி இன்னொரு தபா வுடறோம். ஒரு மில்லி நவுரத்தான் செய்யும். தாளுக்குத் தாள் வேற மாரி நவுரும். அத்த யாராலயும் நிறுத்த முடியாது" என்றான் அப்சல்.

"அப்ப காத்து மட்டும் ஏன் பாய் ஒரே மாரி நவுந்துகீது?"

அப்சல் பைலைத் திறந்து திரையை அவன் பக்கம் திருப்பினான். "காத்து மொத்தத்தையும் ஒரே தாள்ல அடுக்கினது யாரு, நானா?"

பகலவன் திரைக்குக் குனிந்தான்; அடுக்கியது அவன்தான். வகைவகையாக, வரிசை பிசகாமல் அடுக்குவதுதான் கடையில் அவனுக்கு இருந்த நல்ல பேர். அந்த நல்ல பேர்தான் பவுனம்மாளுக்குக் காற்றைக் காட்டிக்கொடுத்திருக்கிறது.

வரிசையைக் கலைத்தான். ஒவ்வொரு தாளிலும் மீனும் காற்றும் கலந்து உட்கார்ந்தன. நீலச் சட்டத்தை அழித்தான். அந்த இடத்தில் பவுனம்மாள் வீட்டு வலையைப் படம் பிடித்துப் போட்டால், படத்தோடு படம் ஒட்டிய இடம் தழும்பு மாதிரி தெரிந்தது. நாலு தடவை முயன்றும் கண்ணிகள் சேரவில்லை. கடைசியில் படத்தைத் தூக்கிக் கடாசிவிட்டு, பென் டூலில் ஒரே ஒரு கண்ணியை வரைந்து, அதையே பொடிசாக்கி அடுக்கினான். வெட்டுக்கோட்டைத் தாண்டி நாலு பக்கமும் மூன்று மில்லிமீட்டர் வலை ஓடியது. இனி வெட்டு எங்கே விழுந்தாலும் வலைதான்.

ஞாயிறு காலை புதிதாக அச்சடித்து வெட்டிய சீட்டுகளோடு அவன் எண்ணூர் போய்ச் சேர்ந்தபோது, பவுனம்மாள் வீட்டுச் சுவரில் இரண்டு புது கேரம் போர்டுகள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் சாய்ந்திருந்தன. மீன் அரிந்துகொண்டிருந்தவள் எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து, பத்துச் சீட்டைக் குப்புறப் பரப்பினாள். ஒன்றை எடுத்து வெயிலில் சாய்த்துப் பார்த்தாள்.

"காத்து."

திருப்பினான். மடவை.

"இரு இரு. இது மீனு."

கச்சான் காற்று.

இன்னும் ஐந்து பார்த்தாள். மூன்று தப்பு. உதட்டைப் பிதுக்கினாள். "பேஜாராக் கீதேபா. ஒண்ணும் புரிபட மாட்டுது."

"அதான்க்கா வேணும்."

"தெரிது, தெரிது. எனக்கே சொல்றியா." இன்னொரு சீட்டை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, பரப்பியதையெல்லாம் அவன் பக்கம் தள்ளினாள். அவன் அடுக்கி, பெட்டியில் போட்டு மூடினான்.

"சரி, குடு."

இரண்டு கையாலும் நீட்டினான். பவுனம்மாள் கையில் இருந்த ஈரத்தை முந்தானையில் இன்னொரு முறை துடைத்துக்கொண்டு பெட்டியை வாங்கிக்கொண்டாள்.