பால்மரம் மார்க்

எந்த மளிகைக் கடைக்குள் நுழைந்தாலும் நவமணி அக்கா நேரே கறித்தூள் இருக்கும் தட்டுக்குத்தான் போவார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பாக்கெட்டில் அச்சிட்ட ரப்பர் மரத்தின் வெட்டை விரலால் தடவிப் பார்ப்பார். வெட்டு இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக இறங்கினால், “நம்ம சரக்குலா.” மாறி இறங்கினால் கடைக்காரருக்கு அன்று ராகுகாலம்.

மலேசியாவில் ரப்பர் தோட்டத்தை விட்டு ஈப்போ நகருக்கு வந்து, மிளகாய் அரைத்துக் கறித்தூள் விற்கத் தொடங்கி முப்பது வருடமாகியும் தோட்டம் இவரை விடவில்லை. விடிவதற்குள் வரக்கோப்பி குடித்து, தலையில் துண்டைக் கட்டிவிடுவார். “பெரட்டுக்கு ஆள் கணக்கெடுக்க கங்காணி வரமாட்டாருக்கா” என்று அவரிடம் வேலை பார்க்கும் நான் சீண்டினால், “வந்தா நீதான் மாட்டுவ, சோம்பேறி” என்பார்.

பாக்கெட்டில் மரம் வெட்டும் பெண் இவரேதான், பத்தொன்பது வயதில். வரைந்தவர் கணவர் சன்னாசி, பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் இவரோடு மரம் வெட்டியவர். அவர் இறந்து பதினோரு வருடம். அந்தத் தோட்டத்தில் இப்போது வரிசை வீடுகள். அவர் கையால் வரைந்ததில் மிஞ்சியது இந்த ஒரு படம்தான்.

அதைத்தான் ஒரு கம்பெனி இடவலமாகத் திருப்பிப் போட்டு, மட்டமான தூளை அடைத்து விற்றது. அக்கா வழக்குப் போட்டார். வழக்கு நடக்கும்போதே கம்பெனிக்காரர்கள் சமாதானத்துக்கும் வந்தார்கள்: இரு தரப்பும் புதுப் படம் போட்டுக்கொள்ளலாம், ‘பால்மரம் மார்க்’ என்ற பெயர் அக்காவுக்கே.

“யோசிங்கக்கா. தோத்துட்டா ரெண்டும் போயிரும்” என்றார் அவருடைய வக்கீல் விக்னேஸ்வரி.

“போனா போவட்டும். என் கையால அத எடுக்கமாட்டேன்லா.”

தங்கள் ஓவியரே ஒரு தோட்டத்தில் நேரில் பார்த்து வரைந்த படம் அது என்று கம்பெனிக்காரர்கள் கோர்ட்டில் சாதித்தார்கள். அக்கா சாட்சிக் கூண்டிலேயே குனிந்துவிட்டார். இல்லாத மரத்தைச் சுற்றி, இல்லாத கத்தியை இழுத்துக் காட்டி, நீதிபதியை மலாய் முறையில் விளித்துச் சொன்னார்:

“யாங் அரிஃப், நேருல பாத்தவன் இப்புடி வரைய மாட்டான். எந்தத் தோட்டத்துலயும் வெட்டு இப்புடித்தான் எறங்கும். மாத்தி வெட்டுனா பால் கொறஞ்சிரும், கங்காணி அன்னைக்கே வெரட்டிருவாரு. இது எங்க படத்த திருப்பிப் போட்டது.”

மொழிபெயர்ப்பாளரும் தன்னை மறந்து கூடவே குனிந்தார். நீதிபதி சிரிக்கவில்லை; இரண்டு பாக்கெட்டுகளையும் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

தீர்ப்பு அக்கா பக்கம் வந்தது. போலிச் சரக்கையெல்லாம் அழிக்கச் சொல்லி உத்தரவு. போன வாரம் குப்பைக் கிடங்கில் லாரி அதைக் குழிக்குள் கொட்டியபோது நானும் கூட இருந்தேன். குழியை மூட மண்வாரி எந்திரம் தயாராக நின்றது. ஜெயித்தவர் முகத்தில் சந்தோஷத்தைத் தேடினேன், இல்லை. குழிக்குள் நூற்றுக்கணக்கில் அந்தப் பத்தொன்பது வயது முகம் மேலே பார்த்துக் கிடந்தது.

“அக்கா, கள்ளச் சரக்குதானே?” என்றேன்.

“தூள்தான் கள்ளத் தூளு. மூஞ்சி அவரு வரஞ்சதுலா.”

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழியோரம் உட்கார்ந்தார். மண்வாரிக்காரர் ஹார்ன் அடித்தார். அக்கா திரும்பவில்லை, கைக்கு எட்டிய பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, தூசியைத் துடைத்து, மண் முகத்தில் விழாதபடி குப்புறக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார்.